இறுகிப்போன ஸ்டட்டைக் கழற்றுவது எப்படி? வீட்டிலேயே மேனிஃபோல்ட் பேக்கிங் மாற்றுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1998-ம் வருட மாருதி 800. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. வீடு திருவான்மியூரில், கடலுக்கு நடந்துபோகிற தூரம். இருபது வருஷத்துக்கு மேலாக உப்புக் காற்றிலேயே நிற்கிற வண்டி என்பதால், அதில் கழலாத நட்டு எது என்று கேட்பதைவிடக் கழல்கிற நட்டு எது என்று கேட்பதுதான் சுலபம். எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் புகை கசியாமல் வைக்கும் தகடு பேக்கிங். அந்தப் பேக்கிங்கை நானே இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்த வேலை பதினோரு நாள் இழுத்தது. பேக்கிங் மாற்ற ஆன நேரம் அதில் இருபது நிமிஷம்தான். மற்றதெல்லாம் ஒரே ஒரு ஸ்டட்டுக்காகப் போனது. அதற்குப் பிறகு தெருவில் யார் பானட்டைத் திறந்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் கேட்பதும் நான் சொல்வதும் கீழே.

ஸ்டட் என்றால் போல்ட்தானே?

இல்லை. போல்ட்டுக்குத் தலை உண்டு, ஸ்டட்டுக்குத் தலை கிடையாது. இரண்டு முனையிலும் மரை வெட்டிய உருட்டுக் கம்பி அது. ஒரு முனையை எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்குள் ஏற்றியிருப்பார்கள், அது அங்கேயே தங்கிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் பேக்கிங்கையும் மேனிஃபோல்ட்டையும் கோத்து நட்டு போட்டு முடுக்குவார்கள். ஹெட் அலுமினியம், மெத்தென்ற உலோகம். ஒவ்வொரு தடவையும் அதிலேயே போல்ட்டைக் கழற்றி மாட்டினால் அதன் மரை தேய்ந்துபோகும். ஸ்டட் இருந்தால் தேய்மானம் நட்டோடு நின்றுவிடும். சின்னக் கார்களின் மேனிஃபோல்ட்டில் பெரும்பாலும் பார்ப்பது 8 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. பிட்சும் (மரையின் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம்) உள்ள ஸ்டட். கடையில் ‘எம்8’ என்று கேட்டால் தருவார்கள்.

பேக்கிங்தான் போயிருக்கிறது என்று எப்படி முடிவு செய்வது?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக் டிக்’ என்று தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வண்டி சூடேறியதும் அது குறையும், சில வண்டிகளில் நின்றேபோகும். இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதுதான் காரணம். வால்வை இயக்கும் டேப்பெட்டின் சத்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். எஞ்சின் ஆறியபின் டார்ச் அடித்து, மேனிஃபோல்ட்டும் ஹெட்டும் சேரும் கோட்டைப் பாருங்கள். புகை கசிந்த இடத்தில் விசிறி மாதிரி கரி படிந்திருக்கும்.

சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கசிவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, ஏசி காற்றோடு உள்ளே வந்தால் தலைவலிதான் முதல் அறிகுறி. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு தேடுவது கூடவே கூடாது.

ஏன் இவ்வளவு இறுகிப்போகிறது?

மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று, துரு. இரும்பு துருவானால் பருமன் கூடும், மரைக்கு நடுவே இருந்த இடைவெளி முழுக்க நிரம்பிவிடும். இரண்டாவது, எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் நடுவில் சின்ன பேட்டரி மாதிரி மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் அரிக்கப்படும். அரித்த இடத்தில் வெள்ளைப் பொடி உப்பிக்கொண்டு ஸ்டட்டைக் கவ்விக்கொள்ளும். கடற்கரை வண்டிகளில் இது இரட்டிப்பு. மூன்றாவது, சூடு. ஒவ்வொரு ஓட்டத்திலும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஸ்டட்டின் உடம்பே களைத்துப்போகும். இறுக்கம் கூடிக்கொண்டே போக, ஸ்டட்டின் பலம் குறைந்துகொண்டே வருகிறது. முறிவது அதனால்தான்.

எல்லா ஸ்டட்டையும் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். நட்டு வந்தால் போதும்.

முதல் தடவை இது எனக்குத் தெரியவில்லை. நட்டு அத்தனையும் ஒழுங்காக வந்துவிட்டது. ‘பழைய ஸ்டட் எதற்கு, புதுசு போட்டுவிடலாம்’ என்று நானாகப் போய் நல்ல ஸ்டட்டில் கை வைத்து முறித்தேன். மரை நேராக இருக்கிறதா, நடுவில் மெலியாமல் இருக்கிறதா, புது நட்டு கையாலேயே கடைசிவரை ஏறுகிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் வயர் பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டு அதை அப்படியே விட்டுவிடுங்கள். வளைந்தது, மெலிந்தது, மரை போனது மட்டும் வெளியே வர வேண்டும். நட்டோடு சேர்ந்து தானாகவே ஸ்டட்டும் சுற்றி வந்துவிடுவதும் உண்டு. அப்படி வந்தால் சந்தோஷப்படுங்கள்.

கடையில் என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

பேக்கிங், இரண்டு மூன்று உபரி ஸ்டட், எல்லா நட்டும் புதிதாக. பழைய கார் என்றால் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்காதது குறைவு. கருவிகளில் நான் கறாராகச் சொல்வது ஒன்றுதான்: ஆறு முனை சாக்கெட். பெட்டியோடு மலிவாகக் கிடைக்கும் பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலையை மட்டும் பிடிக்கும். துருவேறிய நட்டின் மூலையைத்தான் அது முதலில் வழித்து எடுக்கும். பக்கத்தில் ஒரு தீயணைப்பு சிலிண்டர். காரைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

எந்த ஆயில் ஊற்றுவது? டபிள்யூடி-40 போதுமா? மண்ணெண்ணெய்?

டபிள்யூடி-40 முதலில் ஈரத்தை விரட்டுவதற்காக 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் செய்யப்பட்டது. பெயரில் இருக்கும் ‘டபிள்யூடி’ தண்ணீரை அப்புறப்படுத்துவதைக் குறிக்கிறது, 40 என்பது நாற்பதாவது முயற்சி. லேசான துருவுக்கு அது கேட்கும். முற்றியதற்கு, மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே செய்த பெனட்ரேட்டிங் ஆயில் வாங்குங்கள். அதே கம்பெனியே அதையும் தனி டப்பாவில் விற்கிறது. நம் பட்டறைகளில் காலங்காலமாக நடப்பது மண்ணெண்ணெய், டீசல். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் செய்யும். எக்ஸாஸ்ட் பக்கம் ஊற்றுவதால் எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஊற்றிய பிறகு சட்டென்று ஸ்டார்ட் செய்தாலும் புகையும்.

எதை ஊற்றுகிறோம் என்பதைவிட எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பது முக்கியம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு தடவை, சனிக்கிழமை காலையிலும் மாலையிலும், ஞாயிறு காலையில் வேலை. ஊற்றுவதற்கு முன்னால் வயர் பிரஷ்ஷால் மரையின் வெளித் துருவைத் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயிலை அந்தத் துருவே குடித்துவிடும். ஊற்றியபின் நட்டின் மேல் சின்னச் சுத்தியலால் டொக் டொக்கென்று நாலு தட்டு. அந்த அதிர்வில் துரு விரிசல் விட்டு ஆயில் உள்ளே இறங்கும். ஸ்டட்டின் முனையில் நேராக அடித்தால் மரை நசுங்கும். அதனால் பழைய நட்டு ஒன்றை முனைக்குச் சமமாக ஏற்றி, பித்தளைத் துண்டு வைத்து அடியுங்கள்.

சரி, ஸ்பேனரை வைத்தாயிற்று. எவ்வளவு பலம் கொடுக்கலாம்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் கையில் வந்துவிட்டால் மற்ற பாதிக் கேள்விகள் தேவைப்படாது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் அசைவை முடுக்குகிற திசையில் கொடுங்கள். கழற்ற வேண்டியதை எதற்கு முடுக்குவது என்று தோன்றும். ஒரு பத்து டிகிரிகூட வேண்டாம், மயிரிழை அசைந்தால் போதும், துருவின் பிடி உடைந்துவிடும். பிறகு இடப்பக்கம் திருப்புங்கள். நட்டோ ஸ்டட்டோ நகரும்போது இரண்டு விதமாகச் சொல்லும். ‘கிறீச்’ என்று ஒரு முனகலோடு, கரகரவென்று, விட்டுவிட்டு நகர்ந்தால் அது மரையில் நகர்கிறது. கதவுக் கீல் மாதிரிச் சத்தம் வந்தாலும் பயப்பட வேண்டாம். சத்தமே இல்லாமல் வெண்ணெயில் போவது மாதிரி வழவழவென்று நகர்ந்து, ஸ்பேனரை விட்டால் லேசாகத் திரும்பி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மரை நகரவில்லை. கம்பி முறுக்கிக்கொண்டிருக்கிறது. ரப்பரைத் திருகுகிற மாதிரி ஓர் உணர்வு. அதிலிருந்து முறிவதற்குக் கால் சுற்றுகூட ஆகாது.

சந்தேகமாக இருந்தால் ஸ்டட்டின் முனையிலும் அதை ஒட்டி ஹெட்டிலும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஸ்பேனர் நகர்ந்து கோடு நகராவிட்டால் நட்டு மட்டும் வருகிறது, நல்லது. நட்டும் கோடும் சேர்ந்து நகர்ந்தால் ஸ்டட் வருகிறது, அல்லது முறுக்குகிறது. எது என்று கை சொல்லும்.

கால் சுற்று வந்ததும் உற்சாகத்தில் ஒரேயடியாகச் சுற்றாதீர்கள். கால் சுற்று கழற்றி, அரைக்கால் திரும்ப முடுக்கி, ஆயில் விட்டு, மறுபடி கால் சுற்று. உடைந்த துரு முன்னால் குவிந்து மரையை அடைக்கும். முன்னும் பின்னும் போனால்தான் அது பொடியாகி வழியும். எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஒரே ஸ்டட்டில் அரை மணி நேரம் இப்படி ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, “என்னண்ணே இன்னுமா?” என்று கேட்டேன். “அவசரம்னா ஆட்டோல போ தம்பி” என்றார்.

ஸ்பேனரில் பைப் செருகி நீளம் கூட்டலாமா?

சிலிண்டர் ஹெட் போல்ட்டுக்குச் சரி. 8 மி.மீ. ஸ்டட்டுக்கு வேண்டாம், பைப் போட்டால் மேலே சொன்ன உணர்வு எதுவும் கைக்கு எட்டாது. மின்சார இம்பாக்ட் கன்னைக் குறைந்த வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டவிட்டால் சில சமயம் கைவேலையைவிட நன்றாகவே வரும். ட்ரிகரை முழுக்க அழுத்திப் பிடித்தால் முறியும்.

நட்டு மூலையெல்லாம் வழிந்து உருண்டையாகிவிட்டது. இப்போது?

ஓர் அளவு சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றிப் பாருங்கள். 12 மி.மீ. நட்டு தேய்ந்திருந்தால் 11 ஏறும். அதுவும் வழுக்கினால் நட்டைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், ஸ்டட்டைக் காப்பாற்றுங்கள். நட்டின் ஒரு பக்கத்தைச் சின்ன கிரைண்டராலோ அரத்தாலோ ஸ்டட்டின் மரை தெரிகிற அளவுக்குச் சீவிவிட்டு, அந்த வெட்டில் உளியை வைத்து ஒரு போடு. நட்டு பிளந்துவிடும், ஸ்டட் முழுசாக நிற்கும். கண்ணாடி போடாமல் உளியைத் தொடாதீர்கள்.

இரட்டை நட்டு முறை என்கிறார்களே, அது என்ன?

தலை இல்லாத ஸ்டட்டுக்குத் தலை செய்துகொள்ளும் வழி. வெளியே நீட்டியிருக்கும் மரையில் இரண்டு நட்டுகளை ஏற்றி, உள் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு வெளி நட்டை அதன்மேல் இறுக்குங்கள். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கழற்றும்போது உள் நட்டில், அதாவது ஹெட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் ஸ்பேனர் போட்டு இடப்பக்கம் திருப்ப வேண்டும். வெளி நட்டில் போட்டால் அது மட்டும் கழன்று கையோடு வரும், ஸ்டட் சிரிக்கும். புது ஸ்டட்டை ஏற்றும்போது வெளி நட்டில் போட வேண்டும். மரை வழிந்துபோன ஸ்டட்டில் இது நடக்காது. அதற்கு ஸ்டட்டைச் சுற்றிக் கவ்வும் ஸ்டட் எக்ஸ்ட்ராக்டர், இல்லையென்றால் பூட்டிக்கொள்ளும் குறடான வைஸ் கிரிப். வைஸ் கிரிப் பட்ட ஸ்டட் அதற்குப் பிறகு குப்பைக்குத்தான், அந்த மரையில் நட்டு ஏறாது.

சூடு காட்டலாமா? எவ்வளவு?

காட்டலாம், காட்ட வேண்டும். ஆனால் எதைச் சூடாக்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். சூட்டில் எஃகைவிட அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். ஆகவே ஸ்டட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள ஹெட்டைச் சூடாக்குங்கள். கணக்குப் போட்டால், 8 மி.மீ. துளை 150 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஸ்டட்டைவிட 0.013 மி.மீ. அதிகமாக விரிகிறது. தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒன்றுகூடத் தேறுவது கஷ்டம். இது போதுமா என்று கேட்டால், போதும். துருவின் பிடி உடைய அவ்வளவுதான் தேவை.

எவ்வளவு சூடு என்பதற்குத் தோசைக்கல் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ என்று பொரிந்து மறைந்தால் சரியான பதம். துளி பொரியாமல் முத்து மாதிரி உருண்டு ஓடினால் சூடு அதிகமாகிவிட்டது, தீயை நகர்த்துங்கள். ஒரே புள்ளியில் காட்டாமல் வட்டமாகக் காட்டுங்கள். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. இப்போதுவரை நன்றாக இருந்தது அடுத்த நொடி தொய்ந்து வழியும். எனவே எல்பிஜி டார்ச் போதும். கேஸ் வெல்டிங் சுடர் மூவாயிரம் டிகிரிக்கு மேல், பழகாத கையில் அது வேண்டாம்.

சூடாக இருக்கும்போதே ஸ்டட்டின் அடியில் மெழுகுவர்த்தியைத் தொடுங்கள். உருகிய மெழுகை மரை உறிஞ்சிக்கொள்ளும், அதுவே வழுக்கும் எண்ணெய். ஆயில் ஊற்றிய இடத்தில் தீ காட்டினால் பற்றிக்கொள்ளும், முதலில் துணியால் துடைத்துவிடுங்கள். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாயைக் கழற்றி முனையை அடைத்து, தள்ளி வைக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் டார்ச்சோ வெல்டிங்கோ வேண்டவே வேண்டாம், சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும்.

முறிந்துவிட்டது. ஒரு அரை செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னும் ஒன்றும் குடி முழுகவில்லை. வெல்டரைக் கூப்பிடுங்கள். முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள்ளேயே வெல்டிங் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பது நமக்குச் சாதகம். தலை கிடைப்பது மட்டும் இதன் லாபம் இல்லை. வெல்டிங் சூட்டில் ஸ்டட் விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடியைத் தானே உடைத்துக்கொள்கிறது. சிவப்பு அடங்கியதும் மெழுகு தொட்டு, முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முதல் நட்டு பிய்ந்துவந்தால் சோர்ந்துபோகாதீர்கள், இன்னொன்று போடுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சூடு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும், எர்த் கிளாம்ப்பை ஹெட்டிலேயே பக்கமாகக் கடிக்கவிட வேண்டும்.

ஹெட்டுக்குச் சமமாக முறிந்துபோனது. டிரில் போட்டு, ஈசி-அவுட் போட்டு எடுத்துவிடலாமா?

நான் அதைத்தான் செய்தேன். மூன்றாவது சிலிண்டர் பக்கம், கீழ் ஸ்டட். குனிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, கை மட்டும் போகும். அவசரத்தில் சென்டர் பஞ்ச் வைக்காமல் டிரில் பிட்டை வைத்தேன். அது வழுக்கி ஒரு ஓரமாக இறங்கியது. முறிந்த துண்டைத் துளைக்குள்ளிருந்து கவ்வித் திருகி எடுக்கும் கம்பிதான் ஈசி-அவுட். அந்த ஓரத் துளையில் அதை அடித்து ஏற்றித் திருகினேன். ஈசி-அவுட் மிகவும் கெட்டிப்படுத்தப்பட்ட எஃகு, கெட்டியாக இருப்பதாலேயே அது நொறுங்கும். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். முறிந்த ஸ்டட்டுக்குள் முறிந்த ஈசி-அவுட். அதன்மேல் எந்த டிரில் பிட்டும் ஏறாது. அதற்குப் பிறகு ஹெட்டையே கழற்றி, அம்பத்தூர்ப் பக்கம் ஸ்பார்க் எரோஷன் மிஷின் வைத்திருக்கும் டூல் ரூமில் கொடுத்து, மின்பொறியால் அரித்து எடுக்க வேண்டியதாயிற்று. கோயம்புத்தூரிலும் இந்த வேலை செய்யும் இடங்கள் உண்டு. பதினோரு நாள் கணக்கு இப்போது புரிந்திருக்கும்.

ஸ்பேனரின் முழு பலத்துக்கே வராமல் முறிந்த ஸ்டட், அதன் வயிற்றில் போட்ட சின்னத் துளைக்குள் செருகிய மெல்லிய கம்பிக்கு வந்துவிடும் என்று நினைப்பதே தப்பு. ஸ்டட் துருப்பிடித்து இறுகாமல், பிடித்துத் திருப்ப இடம் இல்லாததால் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தால் ஈசி-அவுட் சரிவரும். இறுகியதற்குச் சரிவராது.

இப்போது செய்கிற முறை இது. முறிந்த முகத்தை அரத்தால் தட்டையாக்குங்கள். நடுவைக் கண்டுபிடிக்க மேனிஃபோல்ட்டையே அச்சாக வைக்கலாம். லேத்துப் பட்டறையில் சொன்னால், வெளிவிட்டம் மேனிஃபோல்ட் துளைக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி, நடுவில் 3 மி.மீ. துளையோடு ஒரு புஷ் கடைந்து கொடுப்பார்கள். மேனிஃபோல்ட்டை மற்ற ஸ்டட்டுகளில் மாட்டி, இந்தப் புஷ்ஷை முறிந்த இடத்தில் செருகி அதன் வழியாக டிரில் போட்டால் பிட் விலகாது. முடிந்தால் இடச்சுற்று டிரில் பிட் தேடி வாங்குங்கள். துளை போடும்போதே அது கழலும் திசையில் இழுப்பதால், பாதி நேரம் ஸ்டட்டே அதோடு சுற்றி வந்துவிடும். 3, 5, பிறகு 6.5 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிதாக்குங்கள். மெதுவான வேகம், நிறைய ஆயில். 6.5-க்கு வரும்போது ஸ்டட் முட்டை ஓடு மாதிரி மெல்லிதாகியிருக்கும். மூக்குக் குறடால் உள்பக்கம் மடக்கிப் பிடுங்கலாம். மிச்சம் மரையில் ஒட்டியிருப்பதை, மரை வெட்டும் கருவியான எம்8 டேப் போட்டு வழித்துவிடலாம். எம்8-க்கு டேப் துளை 6.8 மி.மீ., அதைத் தாண்டினால் ஹெட்டின் சொந்த மரையைத் தின்ன ஆரம்பிக்கிறோம் என்று அர்த்தம்.

எவ்வளவு ஆழம் போகலாம் என்று நல்ல ஸ்டட் ஒன்றை அளந்து டிரில் பிட்டில் ஒட்டும் நாடாவைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சில எஞ்சின்களில் ஸ்டட் துளை, கூலன்ட் ஓடும் பாதையான தண்ணீர் ஜாக்கெட் வரை போகும். ஸ்டட்டைக் கழற்றியதும் கூலன்ட் வழிந்தால் அது அந்த ரகம். புது ஸ்டட்டுக்கு மரையில் சீலன்ட் தடவித்தான் ஏற்ற வேண்டும்.

துளை ஓரமாகப் போய் ஹெட்டின் மரையே போய்விட்டது. ஹெட்டை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஹெலிகாயில் போடலாம். ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய ஸ்டெயின்லெஸ் கம்பிதான் அது. எம்8 அளவுக்குத் துளையை 8.3 மி.மீ. ஆக்கி, கிட்டோடு வரும் தனி டேப்பால் மரை வெட்டி, கம்பியைச் சுழற்றி உள்ளே ஏற்றினால் அதன் உள்பக்கம் பழையபடி எம்8. பழைய அலுமினிய மரையைவிட உறுதியாகவே இருக்கும். சாதாரண எம்8 டேப்பும் இந்த டேப்பும் ஒன்றில்லை, கிட்டாக வாங்குங்கள். துளை கோணலாகிவிட்டால் மட்டும் கையால் முயலாமல் லேத்துக்காரரிடம் கொடுங்கள்.

என்னுடையது பழைய அம்பாசடர். நட்டெல்லாம் வந்துவிட்டது, ஆனால் ஹெட்டே ஸ்டட்டை விட்டு மேலே வரமாட்டேன் என்கிறது.

1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் என்றால் இது நடக்கக்கூடியதுதான். அதில் ஹெட்டைப் பிடிப்பதே பிளாக்கில் நிற்கும் நீண்ட ஸ்டட்டுகள். ஹெட்டின் துளைக்கும் ஸ்டட்டின் உடம்புக்கும் நடுவில் துரு நிறைந்துவிடுகிறது. தயவுசெய்து நடுவில் திருப்புளியையோ உளியையோ செருகி நெம்பாதீர்கள். முகத்தில் விழும் ஒரு கீறல் போதும், புது பேக்கிங்கும் ஊதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் ஆயில் விட்டு, மேலே தட்டி, ஒரு ராத்திரி விடுங்கள்.

அடுத்தது கயிறு வித்தை. பிஸ்டன் கீழே இருக்கும்போது ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பருத்திக் கயிற்றைத் திணித்து, ஒரு முனையை வெளியே விட்டுவிட்டு, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அந்த சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும், வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராடை எடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. மேலே வரும் பிஸ்டன் கயிற்றை அழுத்தி ஹெட்டைக் கீழிருந்து தள்ளும். ஸ்டார்ட்டரால் சுற்றக் கூடாது. ஒரு விஷயம்: இந்த எஞ்சின் பிரிட்டிஷ் வழி வந்தது, இஞ்ச் அளவு நட்டுகள். மில்லிமீட்டர் ஸ்பேனரைத் தோராயமாகப் பொருத்தித் திருகினால் மூலை வழிவது நிச்சயம்.

எந்த வண்டியானாலும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும்போது எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு, இரண்டு மூன்று சுற்றாகத் தளர்த்த வேண்டும். சூட்டில் கழற்றினால் ஹெட் வளையும்.

துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டட் போட்டால் இனி இந்தத் தொல்லையே இருக்காதல்லவா?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைப் போட்டால் மரைகள் உராய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துருவே இல்லாமல் இறுகிப்போகும். அதோடு ஈரத்தில் அலுமினியத்தை அதிகமாகவே அரிக்கும். கம்பெனி ஸ்டட், அதன்மேல் செம்பு பூசிய நட்டு அல்லது பித்தளை நட்டு. அடுத்த முறை நட்டு சுலபமாக வரும், வராவிட்டாலும் அதுதான் பிய்யும், ஸ்டட் பிழைக்கும்.

திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது?

ஹெட் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், புகை வெளியேறும் துளையான போர்ட்டுக்குள் துணியை அடைத்துவிட்டு. மேனிஃபோல்ட் முகத்தில் நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் லேத்தில் முகம் சீவ வேண்டும். அப்படியே பூட்டினால் பேக்கிங் ஊதும், வளைந்த மேனிஃபோல்ட் இழுத்து அடுத்த ஸ்டட்டையும் முறிக்கும். ஸ்டட் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் முறிகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஸ்டட்டைக் கையால் ஏற்றி அடிவரை போனதும் லேசாக முடுக்கினால் போதும். மரை இறுகாமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவுங்கள். ஒரு எச்சரிக்கை: கையேட்டில் இருக்கும் டார்க் (முடுக்கும் பலம்) அளவு பெரும்பாலும் வறண்ட மரைக்குச் சொன்னது. பேஸ்ட் தடவிய மரை வழுக்குவதால் அதே டார்க்கில் ஸ்டட் கூடுதலாக இழுபடும், கொஞ்சம் குறைத்தே வையுங்கள். சிலிண்டர் ஹெட் போல்ட்டில் கையேடு சொல்லாமல் இதைத் தடவவே கூடாது. நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக முடுக்குங்கள்.

பேக்கிங்கோடு சீலன்ட் பேஸ்ட்டும் தடவலாமா?

எக்ஸாஸ்ட் பேக்கிங்குக்கு வேண்டாம். சாதாரண சிலிகான் அந்தச் சூட்டில் கருகிப் பொடியாகிவிடும்.

பூட்டி முடித்தபின்?

எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் குளிர்ந்த நிலையில் எல்லா நட்டையும் ஒரு தடவை பாருங்கள். பேக்கிங் கொஞ்சம் அமுங்கியிருக்கும், ஓரிரண்டு நட்டு கால் சுற்றுக்கும் குறைவாக ஏறும். முதல் ஓட்டத்தில் வரும் புகையும் நாற்றமும் ஊற்றிய ஆயில் எரிவது, பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும்.

எந்தக் கட்டத்தில் மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்?

ஸ்பேனரில் அந்த ரப்பர் உணர்வு வந்து, சூடும் மெழுகும் காட்டி, மூன்று நாள் ஆயிலும் ஊற்றி, மறுபடியும் அதே ரப்பர் உணர்வு வந்தால். முறிவதற்கு முன்னால் கூப்பிட்டால் அவருக்கு அரை மணி வேலை. முறித்து, கோணலாகத் துளை போட்டு, அதற்குள் ஈசி-அவுட்டையும் முறித்துவிட்டுக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது மேலே இருக்கிறது.

கழற்றிய பழைய ஸ்டட்டைத் தூக்கிப் போடலாமா?

புதியது கையில் வரும்வரை வேண்டாம். கடைக்குப் போகும்போது அதையும், அதில் ஏறியிருந்த நட்டையும் எடுத்துப் போங்கள். 8 மி.மீ. என்று வாய்ச்சொல்லாகக் கேட்டால் 1.25 பிட்சும் வரும், 1.0 பிட்சும் வரும். இரண்டு ஸ்டட்டின் மரையையும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பல்லும் பள்ளமும் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் வாங்கலாம். நீளத்தையும் இரண்டு முனை மரையின் அளவையும் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்தப் பக்கம் ஹெட்டுக்குள் இருந்தது என்பதற்குக் கழற்றிய உடனேயே ஒரு பொட்டு பெயின்ட் வைத்துவிடுங்கள். துடைத்தபின் தெரியாது.